மேடைக்கு வந்த கணக்கப்பிள்ளை

நம் பக்கத்தில் ‘பர்சனாலிட்டி’ என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. “மாப்பிள்ளை நல்ல பர்சனாலிட்டி” என்று யாராவது சொன்னால் ஆள் உயரமாக, எடுப்பாக இருக்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். குணத்துக்கு நாம் சொல்வது ‘கேரக்டர்’. “அவ கேரக்டரே அப்படித்தான், விடு” என்கிறோம். ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யத் தொடங்கிய முதல் ஒன்றரை வருடம் நான் பர்சனாலிட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். என்ன உடுத்துவது, எப்படி நிற்பது, மைக்கை ஸ்டாண்டிலேயே விடுவதா கையில் எடுப்பதா, குரலை எங்கே ஏற்றுவது. மேடைக்கு வேண்டியது கேரக்டர் என்று புரிய அத்தனை நாள் ஆனது. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு, முக்கியமாக மலையிலிருந்து இறங்கிப்போய் மேடை ஏறுகிற பிள்ளைகளுக்கு, அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுவது என் வேலை. சிறு விவசாயிகள் பறித்துக் கொடுக்கும் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்குகிற ஃபேக்டரி. மதியத்துக்கு மேல் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். எடை, ஈரத்துக்குக் கழிவு, அன்றைய விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் என் நோட்டில் ஏறும். பிறந்து வளர்ந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில். 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, கடைசியில் இந்தக் குளிருக்கு வந்துசேர்ந்த அம்மாயிதான், என் அம்மாவின் அம்மாதான், என்னை வளர்த்தார். இன்றைக்கும் அவருக்கு அறை என்றால் காம்பரா, திண்ணை என்றால் இஸ்தோப்பு.

குன்னூரில் ஒரு காபிக் கடையில் மாதம் ஒருமுறை ஓப்பன் மைக் வைத்தார்கள். பெயர் கொடுத்தால் ஆளுக்கு 5 நிமிடம். பாட்டு, கவிதை, காமெடி, எது வேண்டுமானாலும் செய்யலாம், பணம் கிடையாது. அங்கே தொடங்கி, பிறகு சனிக்கிழமைகளில் கோயம்புத்தூருக்கும் இறங்க ஆரம்பித்தேன். அப்போது என்னிடம் ஒரே ஒரு வேஷம் இருந்தது: ஒன்றும் தெரியாத மலைப் பெண். லயத்துப் பெண் முதல்முறையாக மாலுக்குப் போகிறாள், எஸ்கலேட்டர் முன்னால் நின்று நடுங்குகிறாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள், கடைசியில் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறாள். குரலை மாற்றி, கண்ணை உருட்டிச் செய்வேன். கோயம்புத்தூரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அது எதுவும் நடக்கவில்லை. அதே ஊரில்தான் மூன்று வருடம் பி.காம். படித்தேன். எஸ்கலேட்டரைப் பார்த்து ஒரு நாளும் பயந்தது கிடையாது.

பொய் சொன்னதில் எனக்கு உறுத்தல் இல்லை, காமெடி என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதானே என்று இருந்தேன். உறுத்தல் கோத்தகிரியில் வந்தது. ஒரு சின்ன ஹாலில் நிகழ்ச்சி. முதல்முறையாக அம்மாயியையும் சித்தியையும் எங்கள் லைனிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேரையும் கூட்டிப்போயிருந்தேன். முன்வரிசைகளில் வெளியூர்க்காரர்கள், பின்னால் நம்மவர்கள். எஸ்கலேட்டர் வந்ததும் முன்பக்கம் சிரிப்பு வெடித்தது. பின்பக்கம் இரண்டு வரிசை அப்படியே உட்கார்ந்திருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு நன்றாகத் தெரிந்தது, எந்த நாற்காலியோடு சிரிப்பு நிற்கிறது என்று.

ஜீப் வரும்வரை அம்மாயி பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு புள்ளைங்களையும் ஒரு ட்ரங்குப் பெட்டியையும் தூக்கிக்கிட்டு கப்பல் ஏறினவ நான். மண்டபத்துல குடுத்த காயிதத்த யாரையோ புடிச்சு வாசிக்கச் சொல்லி, எனக்கு எந்தத் தோட்டம்னு நானே கேட்டு வந்தவ. நாம எப்ப புள்ள படிக்கட்டப் பாத்துப் பயந்தோம்?”

என்னிடம் பதில் இல்லை. நாலு மாதம் மேடைப் பக்கமே போகவில்லை.

தமிழாசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி அந்தச் சமயத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துக் காட்டினாள். எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வைத்திருப்பதே நகை. அது பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி செய்வது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பிப் பிடித்துக்கொள்வது. படித்ததும் என் ஐந்து நிமிடம் முழுவதும் பேதைமையிலும் மடனிலுமே நிற்பது தெரிந்தது. அதில் தவறில்லை. தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் காலத்திலிருந்து அது வேலை செய்கிற வழிதான். ஆனால் பேதை என்று ஓர் ஆளைக் காட்டும்போது அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நான் ‘லயத்துப் பெண்’ என்று சொல்லித் தொடங்கியதால், என்னோடு சேர்த்து இரண்டு வரிசை ஆட்களையும் அவர்களைக் கேட்காமலே அங்கே உட்கார வைத்துவிட்டேன். கோயம்புத்தூரில் அந்த வரிசைகள் காலியாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க காமெடியன் ரிச்சர்ட் பிரையரைப் பற்றி வாசித்ததும் அந்த மாதங்களில்தான். பியோரியா என்ற ஊரில் பாட்டியிடம் வளர்ந்தவர். ஆரம்பத்தில், அன்று பெயர் பெற்றிருந்த பில் காஸ்பியின் பாணியில் யாரையும் உறுத்தாத காமெடி செய்து நன்றாகச் சம்பாதித்தார். 1967இல் லாஸ் வேகாஸில் அலாடின் ஹோட்டலில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்தபோது தன் தெருவில் பார்த்த மனிதர்களின் குரலைக் கொண்டுவந்தார். அவருடைய வாழ்க்கைக்கும் என்னுடையதற்கும் ஒப்பு கிடையாது. ஆனாலும், எடுபடுகிற ஒன்றை விட்டுவிட்டு வருவது பைத்தியக்காரத்தனம் இல்லை என்கிற தைரியம் அதில் கிடைத்தது.

சரி, விட்டாயிற்று. அடுத்து என்ன? இங்கே நான் செய்த ஒரு காரியம் பலருக்கும் உதவும் என்று நினைக்கிறேன். என்னை நன்றாகத் தெரிந்த நாலு பேரிடம் போய், “என்கிட்ட உங்களுக்கு எரிச்சல் வர்ற விஷயம் என்ன?” என்று கேட்டேன். ‘என்னிடம் என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் எல்லோரும் நல்லவள், உதவி செய்வாள் என்றுதான் சொல்வார்கள், அதை வைத்து மேடையில் ஒன்றும் செய்ய முடியாது. எரிச்சலைக் கேட்டதும் பதில் உடனே வந்தது. அம்மா: “எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருப்ப.” ஃபேக்டரி அக்கா: “மூணு மாசம் முன்னாடி வாங்கின பத்து ரூபாயத் தேதியோட சொல்லுவ.” தங்கை: “மொய் நோட்டப் பாக்காமலே யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு ஒப்பிப்ப.” நாலாவது ஆளும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.

நாலு பேர் தனித்தனியாக ஒரே குணத்தைச் சொன்னால் அதுதான் உங்கள் கேரக்டர். அது ஏற்கெனவே உங்கள் பேச்சில், நடையில், கோபத்தில் இருக்கிறது. மேடையில் அதைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பத்து ரூபாய்க்குக் கணக்கு வைக்கிறவள் மேடையில் ஊருக்கே கணக்கு வைக்கிறாள். இல்லாத பயத்தை வரவழைப்பதைவிட இருக்கிற குணத்தைப் பெரிதாக்குவது உடம்புக்கும் சுலபம். குரலை மாற்ற வேண்டியதில்லை, கண்ணை உருட்ட வேண்டியதில்லை.

பெயரும் தானாக வந்தது. இலங்கைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்றால் எல்லோருக்கும் ஒரு நடுக்கம். பிரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், பேர் எழுதுகிறவர் அவர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அன்றைக்குப் பாதிச் சம்பளம். அம்மாயியின் கதைகளில் பேய்க்கு அடுத்தபடி வருகிறவர் அவர்தான். நான் நீல அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறி, “நான்தான் கணக்கப்பிள்ளை, எல்லாரும் பேர் குடுத்தாச்சா?” என்று தொடங்கினேன். முதல் அரை நிமிடத்திலேயே கூட்டத்துக்கு இவள் யார், எதைச் செய்யப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அந்த அரை நிமிடம் முக்கியம். அவர்கள் உங்களை எடைபோட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. நீங்கள் யார் என்று நீங்களே சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றை முடிவு செய்துகொள்வார்கள், பிறகு மாற்றுவது கஷ்டம்.

கேரக்டர் பிடிபட்டபின் விஷயத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. மே மாதம் ஊட்டிக்கு வருகிற குடும்பத்தைப் பார்த்தால் கணக்கப்பிள்ளை எப்படி எழுதுவாள்? “குளிரைப் பார்க்க வந்த செலவு, பதினஞ்சாயிரம். வந்த உடனே குளிராம இருக்க வாங்கின ஸ்வெட்டர், நானூறு. ஸ்வெட்டர் போட்டதும் வாங்கின ஐஸ்க்ரீம், அறுபது. எந்தக் கணக்குல எழுத?” இதை வேறு யாரும் சொல்லலாம்தான். ஆனால் “எந்தக் கணக்குல எழுத?” என்ற கடைசி வரியை நோட்டைப் பிடித்திருக்கும் நான் கேட்டால்தான் சிரிப்பு வருகிறது. எழுதும் ஒவ்வொரு ஜோக்கையும் நான் இப்படிச் சோதிப்பேன்: பக்கத்தில் நிற்கிற இன்னொரு காமெடியன் இதை அப்படியே எடுத்துச் சொன்னால் அதே சிரிப்பு வருமா? வந்தால் அது இன்னும் என்னுடையதாகவில்லை, திருத்த வேண்டும்.

அமைப்பும் இந்தக் குணத்திலேயே கிடைத்தது. முன்னால் சொன்ன ஒன்றைக் கடைசியில் எதிர்பாராமல் திரும்பக் கொண்டுவருவதைக் கால்பேக் என்பார்கள். பலருக்கு அதை எங்கே வைப்பது என்பது தலைவலி. கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடைசி நிமிடத்தில் நோட்டை மூடும் முன் மொத்தம் போட வேண்டும், அப்போது ஐஸ்க்ரீம் அறுபது ரூபாய் தானாகவே திரும்பி வரும்.

இனி கொஞ்சம் கைவேலை. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் போனில் குரல்பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம். வீடியோ எடுத்தால் முடியையும் உடையையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம், பழைய பர்சனாலிட்டி வியாதி திரும்பிவிடும். மறுநாள் காதில் போட்டுக் கேட்டு, வரி வரியாக நோட்டில் எழுதி, பக்கத்தில் சிரிப்புக்கு மதிப்பெண் போடுவேன்: இல்லை என்றால் 0, சிலர் சிரித்தால் 1, எல்லோரும் சிரித்தால் 2. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. கோத்தகிரி ராத்திரிக்குப் பிறகு சேர்த்தது. ‘சிரிப்பு யார் மேல் விழுந்தது?’ என்று அதற்குப் பெயர். இரண்டாவது கட்டத்தில் நம்மவர்கள் பெயர் அடிக்கடி வந்தால், முதல் கட்டத்தில் 2 இருந்தாலும் அந்த வரியை அடித்துவிடுகிறேன். அப்படி அடித்ததில் நல்ல வரிகளும் போயின. வருத்தம்தான், ஆனால் திரும்பச் சேர்க்கவில்லை.

மலைக் கூட்டத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு, கீழே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். குளிரில் ஆட்கள் கையைச் சால்வைக்குள் வைத்திருப்பார்கள், கைதட்டல் பாதிதான் கேட்கும். குரங்குக் குல்லா காதை மூடியிருக்கும். நாற்காலிகளைச் சுவரோரமாக, அடுப்புக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆரம்பத்தில் சத்தம் குறைவு என்று பயந்து வேகத்தைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. இப்போது அரைமணி நேரம் முன்பே போய் நாற்காலிகளை நெருக்கிப் போடுகிறேன். ஒருவர் சிரிப்பது இன்னொருவர் தோளில் பட்டால்தான் கூட்டம் சேர்ந்து சிரிக்கும். காதுக்குப் பதில் முகத்தைப் பார்த்து அடுத்த வரிக்குப் போகிறேன்.

இன்னொன்று, மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கோயம்புத்தூரில் நான் யார் என்று நான் சொன்னால்தான் உண்டு. இங்கே மேடை ஏறும் முன்பே ‘இன்னார் பேத்தி, இன்ன ஃபேக்டரியில் வேலை’ என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பார்கள். பொய்யான கேரக்டர் இங்கே ஒரு நிமிடம்கூட நிற்காது. அதனால் புதிய ஐந்து நிமிடத்தை முதலில் இங்கே செய்கிறேன். இவர்கள் ஏற்றுக்கொண்டால் கேரக்டர் சரியாக இருக்கிறது. பிறகு கீழே போய், என்னைத் தெரியாதவர்களிடம் நாலைந்து முறை திரும்பத் திரும்பச் செய்து வரிகளைச் செதுக்குகிறேன். ஒரே விஷயத்தை இங்கே இரண்டாவது முறை சொல்ல முடியாது, அதே முகங்கள்.

எடுபடாத ராத்திரிகளும் வரும். ஒருமுறை கோயம்புத்தூரில் மூன்று நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. பழைய குரல் தொண்டைவரை வந்துவிட்டது. எஸ்கலேட்டரை எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம். எடுக்கவில்லை. நோட்டைப் பார்த்து, “மூணு நிமிஷம் ஆச்சு. வரவு ஒண்ணும் இல்ல. பாக்கிய வசூல் பண்ணாம நான் பஸ் ஏறப் போறதில்ல” என்றேன். அங்கேதான் முதல் சிரிப்பு. அது ஏற்கெனவே எழுதிவைத்த வரி இல்லை. கேரக்டருக்குள் நின்றால், கையில் வரி இல்லாத நேரத்திலும் அவள் என்ன சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியும். மேடையில் பயம் குறைவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கோத்தகிரிக்குத் திரும்பிப் போக ஒரு வருடம் ஆனது. அந்த முறை தேயிலைக் கணக்கை எடுத்துப் போனேன். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கணக்குதான். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு கிலோ தூளில் சுமார் 400 டீ போடலாம். “இலை விலை கிலோவுக்கு இருபது ரூபாய்னு வைங்க. நாலரைக் கிலோவுக்குத் தொண்ணூறு ரூபாய் விவசாயிக்கு. வ்யூ பாயிண்ட்ல ஒரு டீ இருபது ரூபாய், நானூறு டீக்கு எட்டாயிரம். பாலுக்கும் சக்கரைக்கும் கேஸுக்கும் கழிச்சிட்டேன். கடைக்காரருக்கு லாபமும் கழிச்சிட்டேன். இன்னும் மிச்சம் வருது. யாராவது அந்தப் பணத்தப் பாத்தீங்களா? வ்யூ பாயிண்ட்ல நின்னா தெரியுமா?”

ஒரு நொடி ஹால் அமைதியானது. கணக்கு தப்பிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒருவர் எழுந்து நின்று, “எழுதிக்க புள்ள, எழுதிக்க!” என்று கத்தினார். படுக விவசாயிகள், லயத்து ஆட்கள், ஃபேக்டரிக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு இடத்தில் சேர்ந்து சிரித்தார்கள். வெளியூர்க்காரர்கள் அரை நொடி தாமதமாகச் சேர்ந்துகொண்டார்கள். இந்த முறை கோடு எங்கேயும் இல்லை.

மேடையிலிருந்து இறங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் தடுமாறினேன். பெரிதாக்கின குணம் வீட்டுக்கும் பெரிதாகவே வந்துவிடும். ஒரு ராத்திரி நிகழ்ச்சி முடிந்த சூட்டில் வந்து, தங்கை சீட்டுப் பணத்தைச் செலவழித்ததை அதே குரலில், அதே இழுவையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் அழுதாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் நோட்டு பையை விட்டு வெளியே வராது. நிகழ்ச்சி முடிந்தால் உடனே வீட்டுக்குப் போகாமல் ஒரு டீ குடித்து, கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போகிறேன். ஃபேக்டரியில் யாராவது “ஒரு ஜோக் சொல்லு” என்றால், மேடைக்கு வாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய கதையை எடுப்பதாக இருந்தால் முதலில் அவரிடமே சொல்லிக்காட்டி, சம்மதம் கேட்கிறேன். முகம் மாறினால் விட்டுவிடுகிறேன்.

அப்படித்தான் கப்பல் கதையை எடுக்கும் முன் அம்மாயியிடம் முழுவதும் சொல்லிக்காட்டினேன். ட்ரங்குப் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்று கணக்கப்பிள்ளை பட்டியல் போடுகிற இடம் அது. இஸ்தோப்பில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையை நீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது.

“மண்டபத்துல ஏழு நாளுன்னு சொன்ன பாரு, அது தப்பு. ஒம்போது நாள். பித்தளச் சொம்பு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு அங்கனதான் தொலஞ்சுது. அதையும் எழுது.”

அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். கீழே, சொம்பு 2.